பிணத்தை எண்ண மறந்த நாள்

சென்ற மாதம் கொழும்பில் நடந்த உதவி இயக்குநர் பயிற்சி வகுப்பின் முடிவில் உங்களில் ஒருத்தி எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். “அக்கா, ஷூட்டிங்க நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?” நான் ஏதோ பெரிய மனுஷித்தனமாகப் பதில் சொன்னேன். எல்லோரும் எழுதிக்கொண்டீர்கள். பஸ்ஸில் இரத்தினபுரிக்குத் திரும்பும்போது அந்தப் பதிலை நினைத்து எனக்கே வெட்கமாகிவிட்டது. அவிசாவளை தாண்டுவதற்குள், எழுதியே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

என் முதல் குறை என்னவென்றால், எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர் சொன்ன ஒரு வாக்கியத்தை இருபது வருடத்துக்கு மேல் மந்திரம் போலச் சுமந்துகொண்டு திரிந்தேன். அவர் பெயர் வேண்டாம். நல்ல மனிதர், கண்டிப்பானவர். “மழைக்கு நிறுத்து, மரணத்துக்கு நிறுத்து. சந்தேகத்துக்கு நிறுத்தாதே. சந்தேகத்துக்கு நிறுத்துற அசிஸ்டன்ட மறுபடி ஒருத்தனும் கூப்பிட மாட்டான்” என்பார். பெண்ணாய்ப் பிறந்து, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்து, எப்படியோ முதல் உதவி இயக்குநர் என்ற இடத்துக்கு வந்து சேர்ந்திருந்த எனக்கு ‘மறுபடி கூப்பிட மாட்டான்’ என்பதைவிடப் பெரிய பயம் இருக்கவில்லை.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். அது ஒரு துப்பறியும் படம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களில் வரும் சாமான்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கோணியிருந்தது. துப்பறிவாளர் முழங்காலுக்குக் கீழே தொங்கும் கோட்டுப் போட்டிருப்பார், இரத்தினபுரிப் புழுக்கத்தில். ஸ்டைலாகச் சிகரெட்டை வாயில் வைப்பார், நமத்துப்போன தீப்பெட்டி பற்றாது. மர்ம அழகி ஒருத்தி உண்டு, தோட்டத்து மருந்துக்காரம்மா. அவள் ஏமாற்றுவதற்கு முன்பே இவர் தானாக ஏமாந்துவிடுவார். தோட்டக் கந்தோரில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்று, டவுனில் ஒரு சலூனுக்கு மேல்மாடியில் ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிய மனிதர் அவர். காணாமல் போன ஒரு மாணிக்க வியாபாரியைத் தேடுகிறார்.

கதையின் நடுவே ஒரு நீளமான காட்சி. கொட்டுகிற மழையில், தோட்டத்துக் கானுக்குள், அதாவது வடிகாலுக்குள், ஒரு பிணத்தைக் கண்டுபிடிக்கிறார். கேட்க வேறு யாரும் இல்லாததால் தன் முழு விசாரணையையும் அந்தப் பிணத்துக்கே விளக்குகிறார். யார் கொன்றது, ஏன் கொன்றது, தான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்று பெருமையாகப் பேசி, கடைசியில் கண்ணீர் விட்டு, முகத்துத் துணியை விலக்குகிறார். பார்த்தால் அது வேறு ஆள். வாசித்தபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த பிறகு அந்தத் துப்பறிவாளர்மேல் இரக்கம் வந்தது. டைரக்டர் கபிலனுக்கு அப்போது முப்பது வயது. அந்த ஒரு காட்சிக்காகத்தான் இந்தப் படமே எடுக்கிறேன் என்று சொல்வார்.

அதற்கு நிவித்திகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் இடம் பார்த்தோம். சரிவான தேயிலை மலை, அதன் அடியில் ஆள் இடுப்பளவு ஆழத்தில் கல் கான், கானுக்கு இந்தப் பக்கம் ஆறு காம்பரா, அதாவது ஆறு அறை, உள்ள பழைய லயம், லயத்தின் கோடியில் பிள்ளைக் காம்பரா. வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது. இடத்தைப் பார்த்ததும் கபிலன் துள்ளினார். நான் மலையை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தேன். பிறகு வாகனம் எங்கே நிறுத்துவது, ஜெனரேட்டர் எங்கே வைப்பது என்று பார்க்கப் போய்விட்டேன்.

பிணத்துக்கு முதலில் பொம்மைதான். கொழும்பில் செய்வித்து லொறியில் கொண்டுவந்தோம். தண்ணீர் பட்டதும் கை இரண்டும் மேலே மிதந்து, யாரையோ வாழ்த்துவது போலத் தெரிந்தது. கபிலன் தலையில் அடித்துக்கொண்டார். உயிருள்ள ஆள் வேண்டும் என்றார்.

லயத்தில் சன்னாசி ஐயா இருந்தார். எழுபது வயதைத் தாண்டியவர், ரப்பர் மலையில் பால் வெட்டி ஓய்வுபெற்றவர், ஒடிசலான உடம்பு, காது கொஞ்சம் மந்தம். நான் போய்க் கேட்டபோது அவருடைய மருமகள் சரோஜா வாசலுக்கு வந்து சண்டை பிடித்தாள்.

“உசுரோட இருக்கிற மனுசன ஏங்க பொணமாக்குறீங்க? வேற நடிப்பு இல்லையா?”

சன்னாசி ஐயா அவளைக் கையால் அமர்த்தினார். “நாப்பது வருசம் பால் வெட்டினேன். ஒருத்தன் படம் புடிக்க வரல. செத்தாத்தான் புடிப்பாங்கன்னா செத்துட்டுப் போறேன், விடு புள்ள.”

ஒத்திகையில் ஒரு சிக்கல் வந்தது. துப்பறிவாளராக நடித்த தேவா அழுதால், இவர் கண்ணைத் திறந்து, “அழுவாதீங்க தம்பி” என்பார். இரண்டு தடவை அப்படி ஆயிற்று. நான் கானுக்குள் இறங்கி அவர் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னேன். “ஐயா, யாரு அழுதாலும் கத்தினாலும் அசையக் கூடாது. நான் வந்து தோளத் தொட்டு எழுப்புற வரைக்கும் நீங்க பொணம். சரிங்களா?”

“சரி தாயி” என்றார். அந்த மனிதர் சொன்ன சொல்லில் நிற்பவர். அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

படப்பிடிப்புக்கு முன் ஒன்பது நாள் விடாமல் மழை. காலையில் எழுந்து வானத்தைத் திட்டுவதே எங்கள் வேலையாக இருந்தது. பத்தாம் நாள் மழை விட்டது. மலையில் புகார், அதாவது பனிமூட்டம், இறங்கி, காலை எட்டு மணிக்கே மாலை ஆறு மணி போல் மங்கியிருந்தது. கபிலன் கேட்டது அதே வெளிச்சம்தான். ஆனால் மழை இல்லையே. மழைக்குப் பேர்போன ஊரில் நாங்கள் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து குழாயில் மழை பெய்வித்தோம். லயத்து ஆட்கள் திட்டில் நின்று பார்த்துச் சிரித்தார்கள். “ஒம்பது நாளா வேணாம் வேணாம்னு கெடந்தோம், இவங்க காசு குடுத்துப் பெய்ய வைக்கிறாங்க” என்று ஒரு கிழவர் சொல்ல, எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். நானும்தான்.

எட்டரை மணிவாக்கில், முதல் ஷாட்டுக்கு முன், லெச்சுமி வந்தாள். முப்பது வயதிருக்கும், கொழுந்து பறிப்பவள், அதே லயத்தின் கடைசிக் காம்பராவில் குடியிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி.

“மிஸ், இதப் பாருங்க.”

வாளியில் தண்ணீர் செம்மண் கரைத்தது போல இருந்தது. லயத்துக்கு மேலே மலையிலிருந்து ஊற்றுத் தண்ணீர் வரும் பீலியில் பிடித்தது என்றாள்.

“மழை பெஞ்சா கலங்கும்தானே?” என்றேன்.

“ஒம்பது நாள் பெஞ்சப்ப கலங்கல மிஸ். நின்ன பொறவு கலங்குது. அதோட எங்க காம்பரா கதவு நேத்து வரைக்கும் சாத்திச்சு, இன்னிக்குச் சாத்த மாட்டேங்குது. கதவு அப்படியேதான் இருக்கு, நெலைதான் கோணிப்போச்சு.”

அவள் சொன்னதன் அர்த்தம் எனக்குத் தெரியாது என்று நான் சொன்னால் பொய். பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள் நான். மழை நின்ற பிறகு கலங்கும் பீலியும் கோணும் நிலையும் என்ன சொல்கின்றன என்று அந்த மலைகளில் வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும்.  ஆனால் தேவா அந்த ஒரு நாள்தான் இருப்பார், மறுநாள் வேறு படத்துக்குப் போகிறார். அந்தப் புகார் நாளை இறங்கும் என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. ‘சந்தேகத்துக்கு நிறுத்தாதே.’

“நான் டைரக்டர்கிட்ட சொல்றேன். தோட்டத்து மனேஜர் தொரைகிட்டயும் சொல்லுவோம்” என்றேன்.

அவள் வாளியோடு போனாள். நான் தோட்டக் கந்தோருக்கு ஒரு தடவை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. கடமை முடிந்துவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொள்ள அந்த ஒரு அழைப்புப் போதுமாக இருந்தது. கபிலனிடம் போய், “மேல தண்ணி கலங்குதாம், கொஞ்சம் கவனமா இருப்போம்” என்றேன். அவர் கண்ணை மொனிட்டரிலிருந்து எடுக்காமல், “சரிக்கா, சீக்கிரம் முடிச்சிருவோம்” என்றார். கொஞ்சம் கவனமாக இருப்போம் என்றால் என்ன? எனக்கே தெரியாது. பயந்தவர்கள் பொறுப்பைக் கைமாற்றும்போது சொல்லும் வார்த்தை அது. உங்கள் வாயில் அது வந்தால், உடனே நிறுத்திவிட்டு யோசியுங்கள்.

படப்பிடிப்பு தொடங்கியது. சன்னாசி ஐயா முகத்தில் வெள்ளைத் துணியோடு கானுக்குள் படுத்தார். தேவா நனைந்த கோட்டோடு அவர் தலைமாட்டில் குந்தியிருந்து பேச ஆரம்பித்தார். அற்புதமாக நடித்தார் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. நான் மலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புகாருக்குள் தேயிலைச் செடிகள் வரிசை வரிசையாக நின்றன. அசைகிறதா? இல்லை. இப்போது? இல்லை. ஒரு தடவை சின்னக் கல் ஒன்று உருண்டு வந்து கான் ஓரத்தில் விழுந்தது. ஒலிப்பதிவாளர் எரிச்சலோடு, “யாரு கல் எறியிறது?” என்றார். யாரும் எறியவில்லை.  கடிகாரத்தைப் பார்த்தேன். லெச்சுமி வந்துபோய் நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

அப்போதுதான் பவுசர் ஓட்டும் சுனில் வந்து என் கையைப் பிடித்தார். சுனில் அந்தப் பகுதிச் சிங்களவர், அமைதியான மனிதர், முன்பின் என்னைத் தொட்டுப் பேசியதில்லை. “மிஸ், பொட்டக் என்ட”, கொஞ்சம் வாங்க என்று இழுத்துக்கொண்டு போனார். பவுசர் நின்ற பாதையில், காலையில் அவர் வண்டி ஏற்றியபோது இல்லாத ஒரு வெடிப்பு, குறுக்காக மலைப்பக்கம் ஓடியது. சுனில் குந்தி, தன் சுட்டுவிரலை அதற்குள் விட்டுக் காட்டினார். விரல் முழுவதும் போயிற்று.

“நாய யனவா, மிஸ். மேக்க நாய யனவா.”

மலை சரியப் போகிறது என்பதற்குச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பக்கத்தில் நின்ற எங்கள் உடையலங்கார உதவியாளர் கொழும்புக்காரர். அவர் திடுக்கிட்டு இரண்டு பக்கமும் பார்த்து, “எந்த நாய்?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வெடித்தது.  சிரிப்பும் பயமும் ஒன்றாக வருமென்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

நான் கபிலனிடம் ஓடினேன். “கபிலன், நிறுத்துறோம். எல்லாரும் இறங்கணும், இப்பவே.”

“அக்கா, ரெண்டே ஷாட். துணிய விலக்குறது மட்டும் எடுத்திட்டா...”

“ரோட்டுல வெடிப்பு விட்டிருக்கு.”

“அது ஒன்பது நாள் மழையில வந்திருக்கும். எனக்குப் பத்து நிமிஷம் தாங்க. பத்து நிமிஷம். இந்த வெளிச்சம் திரும்பக் கிடைக்காது அக்கா, உங்களுக்குத் தெரியாதா?”

அவர் கெட்டவர் இல்லை. அவருடைய கண்ணில் இருந்தது வெறும் ஏக்கம். அதே ஏக்கம்தான் எனக்கும் நாற்பது நிமிடம் முன்பு இருந்தது. அவரோடு வாதாடினால் பத்து நிமிடம் போகும் என்று தெரிந்தது. நான் திரும்பி நடந்துபோய் ஜெனரேட்டர்காரரிடம், “ஓஃப் பண்ணுங்க” என்றேன். அவர் டைரக்டரைப் பார்த்தார். “என்னயப் பாருங்க. ஓஃப்.” அவர் அணைத்தார். விளக்குகள் போய், குழாய் மழை நின்று, மலை முழுவதும் ஒரு அமைதி வந்தது. அந்த அமைதியில், மேலே எங்கோ வேர் அறுபடுவது போல மெல்லிய நறநறப்புச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதன் பிறகு யாரையும் நான் அவசரப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

சாமான்களை விட்டுவிடச் சொன்னேன். கெமராவை மட்டும் இருவர் தூக்கிக்கொண்டார்கள். என் உதவியாளர் ஒருவரை லயத்துக்கு ஓடச் சொன்னேன். அவர் போவதற்குள் லெச்சுமி அங்கே இருந்தாள். ஒரு குழந்தை இடுப்பில், இரண்டு கையில், பின்னால் பிள்ளைக் காம்பரா ஆயம்மா மற்றப் பிள்ளைகளோடு. லயத்தில் மிச்சமிருந்த வயதானவர்களும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். எல்லோரும் கீழே கோயில் வளைவுக்கு வந்து சேர்ந்தோம். அந்த இடம் பாறை மேட்டில் இருந்தது, சரிவுக்கு விலகி இருந்தது.

நான் பெயர்ப்பட்டியலை எடுத்தேன். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு அடையாளம் போட்டேன். நாற்பத்து மூன்று பெயர், நாற்பத்து மூன்று பேர். கடைசி அடையாளத்தைப் போட்டபோது அழுகை வரும்போலிருந்தது. செய்துவிட்டேன் என்று நினைத்தேன். யாரோ எனக்குத் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்கள். வாங்கி வாயில் வைத்தேன்.

“மாமா எங்கங்க?”

சரோஜா. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து தேடிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். “எங்க மாமா எங்க?”

நான் பட்டியலைத் திருப்பினேன். முதல் தாளில் மனிதர்கள், இரண்டாம் தாளில் பொருட்கள். பொருட்கள் தாளில், குடைக்கும் கைத்துப்பாக்கிக்கும் நடுவே, என் கையெழுத்தில் இருந்தது: ‘பிணம் - 1’. பொம்மை இருந்தபோது எழுதியது. சன்னாசி ஐயா வந்த பிறகு நான் அதை மாற்றவில்லை. நாற்பத்து மூன்று பேரைச் சரியாக எண்ணினேன், நாற்பத்து நான்காவது ஆள் சாமான்களோடு மேலே கிடந்தார். அவரை அசையாதே என்று சொன்னவளும் நான்தான்.

போத்தலைப் போட்டுவிட்டு ஓடினேன். பின்னால் காலடி கேட்டது. தேவா. கோட்டைக் கழற்றக்கூட இல்லாமல் ஓடிவந்தார். “அரை மணித்தியாலமா அவரோடதான் பேசிக்கிட்டிருந்தேன் அக்கா” என்றார், மூச்சிரைக்க. “நானே மறந்திட்டேன். நானே.”  முந்நூறு மீற்றர் தூரம் இருக்கும். பாதையில் சின்னக் கற்கள் தானாக உருண்டுகொண்டிருந்தன. சுனிலின் விரல் போன வெடிப்பு இப்போது தாண்டிக் கடக்கும் அளவுக்கு வந்திருந்தது. தாண்டினோம்.

அவர் அப்படியே கிடந்தார். வெள்ளைத் துணி முகத்தில். கானில் சேற்றுத் தண்ணீர் ஏறி, காது வரை வந்திருந்தது. நான் குதித்து இறங்கி அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. துணியை இழுத்தேன். கண் மூடியிருந்தது, உதடு நீலம். கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

ஒரு கண் திறந்தது. “முடிஞ்சிச்சா தாயி?”

“முடிஞ்சிச்சு ஐயா. எல்லாம் முடிஞ்சிச்சு, எந்திரிங்க.”

“நல்லா வந்திச்சா?”

“நல்லா வந்திச்சு. எந்திரிங்கய்யா!”

“காலு மரத்துப்போச்சு” என்றார், மன்னிப்புக் கேட்பது போல.

தேவா அவரைக் கோட்டால் சுற்றி முதுகில் ஏற்றிக்கொண்டார். நான் பின்னாலிருந்து தாங்கிப் பிடித்தேன். ஓட முடியவில்லை, வேகமாக நடந்தோம். முதுகில் இருந்த சன்னாசி ஐயாதான் பின்னால் திரும்பிப் பார்த்தவர். “தம்பி, தேயில நடந்து வருது” என்றார், நிதானமாக. நான் திரும்பவில்லை. பாறை மேட்டில் காலை வைத்தபோது சத்தம் வந்தது. இடியைப் போல ஒரு தரம் அதிர்ந்து ஓயவில்லை. பெரிய லொறி ஒன்று கல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பது போல நீண்டது. பிறகு பச்சை மண் வாசம். பிறகு எங்கோ ஒரு நாய், உண்மையான நாய், குரைக்கும் சத்தம்.

கான் போயிற்று. எங்கள் மழைக்குழாய்கள், விளக்குகள், பவுசர் போயின. லயத்தின் கடைசி இரண்டு காம்பராவும் பிள்ளைக் காம்பராவும் போயின. லெச்சுமியின் இரண்டு ஆடுகள் போயின. மனிதர் யாரும் போகவில்லை.

கபிலன் கோயில் படியில் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.  பிற்பாடு அவரே சன்னாசி ஐயாவிடம் போய்க் காலில் விழுந்தார். கிழவர் பதறி, “என்ன தம்பி, நான் பொணமா நல்லாத்தானே கெடந்தேன்?” என்றார். சரோஜா மட்டும் எங்களோடு பல நாள் பேசவில்லை. அவள் பேசாததுதான் சரி.

சரிவைப் பார்க்க வந்த அதிகாரி ஒருவரிடம் நான் தனியாகக் கேட்டேன், நாங்கள் ஊற்றிய தண்ணீராலா என்று. ஒன்பது நாள் மழைக்கு முன் உங்கள் பவுசர் தண்ணீர் ஒன்றுமே இல்லை அம்மா என்றார். நம்பத்தான் வேண்டும். பகலில் நம்புகிறேன்.

தொழிலில் என் பெயர் பரவியது. டைரக்டரை மீறி விளக்கை அணைத்தவள், ஐம்பது பேரைக் காப்பாற்றியவள் என்று. உங்கள் பயிற்சி வகுப்பிலும் அப்படித்தான் என்னை அறிமுகம் செய்தார்கள். அந்தக் கதையில் நாற்பது நிமிடம் இல்லை. இரண்டாம் தாளும் இல்லை. அதனால்தான் இரண்டையும் இங்கே எழுதி வைக்கிறேன். இப்போது யாராவது தங்கள் பட்டியலை என்னிடம் காட்டினால், நான் முதலில் பொருட்கள் தாளைத்தான் வாசிக்கிறேன்.

அதன் பிறகு மூன்று படங்களில் வேலை செய்தேன். ஒன்றில், ரம்புக்கனைப் பக்கம் ஒரு பழைய ஸ்டோர் கட்டடத்தில், கூரைமரம் முனகுவது போலத் தோன்றியதால் எல்லோரையும் வெளியேற்றினேன். மரத்துக்கு ஒன்றுமே இல்லை. முழு நாள் வீணாயிற்று. அந்த டைரக்டர் எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டினார், பிறகு கூப்பிடவும் இல்லை. எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்தவர் சொன்னது உண்மைதான். சந்தேகத்துக்கு நிறுத்தினால் கூப்பிட மாட்டார்கள். அதைத் தெரிந்துகொண்டே நிறுத்துங்கள் என்றுதான் நான் சொல்ல முடியும். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு, தெரியாது என்பதுதான் பதில். தெரியும்வரை காத்திருந்தால் மலை வந்துவிடும்.

படம் வெளிவருவதற்கு முன், வேறு இடத்தில் மிச்சக் காட்சிகளை எடுத்து முடித்த பிறகு, நான் லெச்சுமியைப் பார்க்கப் போனேன். வீடு போனவர்களைப் பாடசாலையில் வைத்திருந்து, பிறகு பந்துத் திடலில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் வெளியே துணி அலசிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு, உட்கார ஒரு கதிரை கொண்டுவந்து போட்டாள். அவளுடைய பிள்ளை, மூன்று வயதிருக்கும், தகரத்தில் கல்லால் தட்டிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் அது இது பேசினோம். பிறகு அவள் நேராகவே கேட்டாள்.

“மிஸ், ஒங்களக் குத்தம் சொல்லல. ஆனா ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நான் வாளியக் கொண்டாந்து காட்டினேன்தானே. ஒங்களுக்கு அது வெளங்கிச்சு. ஒங்க மூஞ்சியப் பாத்தே எனக்குத் தெரிஞ்சிச்சு. அப்பவே ஏன் நிறுத்தல?”

அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. நான் பல பதில் யோசித்து வைத்திருந்தேன். 

“பயந்துட்டேன் லெச்சுமி.”

“எதுக்கு?”

“நிறுத்தி ஒண்ணும் நடக்கலன்னா, எனக்கு வேற வேல குடுக்க மாட்டாங்கன்னு.”

 கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினாள்.

“ஒங்ககிட்ட சொல்லிட்டு நான் எங்க போனேன்னு நெனைக்கிறீங்க? கொழுந்து பறிக்க மலைக்குத்தான். அன்னைக்குப் பேரு போடாட்டி சம்பளத்துல புடிப்பாங்க, கங்காணியும் ஏசுவாரு. பாதி வழி போயிட்டுத்தான் மனசு கேக்காமத் திரும்பி ஓடியாந்தேன்.” பிள்ளை தட்டிய தகரச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

“இவன பிள்ளக் காம்பராவுல விட்டுட்டுத்தான் மிஸ் போனேன்.”